63-வது மைலில் ஒரு ஊர்: பாலும் செல்போனும் கண்ட ஹார்வர்ட்

ஹார்வர்ட் என்றதும் எல்லோருக்கும் அந்தப் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் அதே பெயரில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. நோபல் பரிசு வாங்கியவர்களின் சிலைகளை அங்கே தேட வேண்டாம். ஊர் நடுவில், நாற்சந்தியில், கண்ணாடியிழையில் செய்த ஒரு பசு மாடுதான் நிற்கிறது! அதற்குப் பெயர் கூட உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம்.

இந்த ஹார்வர்ட், சிகாகோ நகரத்துக்கு வடமேற்கே, விஸ்கான்சின் மாநில எல்லையை ஒட்டி இருக்கிறது. சிகாகோவிலிருந்து கிளம்பும் மெட்ரா புறநகர் ரயிலின் கடைசி நிலையம் இதுதான். தூரம் சுமார் 63 மைல், அதாவது 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மெட்ராவின் எல்லா வழித்தடங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் சிகாகோவிலிருந்து இவ்வளவு தொலைவில் வேறு நிலையம் கிடையாது.

இப்படிப்பட்ட ஊர்களை ஆங்கிலத்தில் 'எக்ஸர்ப்' என்கிறார்கள். புறநகர் என்றால் நகரத்தின் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கும். எக்ஸர்ப் அப்படியல்ல. புறநகரையும் தாண்டி, நடுவில் வயல்வெளி வந்து, அதற்கப்புறம் இருக்கும் ஊர். பார்த்தால் கிராமம் போல இருக்கும். ஆனால் பிழைப்பு மட்டும் பெருநகரத்தோடு கட்டப்பட்டிருக்கும்.

ஹார்வர்டின் 170 வருடக் கதையைப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. அந்த ஊருக்கு நல்ல காலத்தைக் கொடுத்ததும் அந்த 63 மைல்தான், கெட்ட காலத்தைக் கொடுத்ததும் அதே 63 மைல்தான்!

ரயில் பெற்ற பிள்ளை

வெள்ளையர்கள் வருவதற்கு முன் இந்தப் பகுதி பொட்டாவட்டோமி பழங்குடியினரின் நிலம். 1832-இல் பிளாக் ஹாக் போர் நடந்தது. அடுத்த வருடமே, 1833-இல், சிகாகோ ஒப்பந்தம் என்ற பெயரில் அவர்களுடைய நிலம் எழுதி வாங்கப்பட்டது. அவர்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போக வேண்டியதாயிற்று. 1836-இல் மெக்ஹென்றி கவுண்டி உருவானது. (கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி.) கிழக்கு மாநிலங்களிலிருந்து விவசாயிகள் வந்து கோதுமை விதைத்தார்கள்.

அப்போதும் ஹார்வர்ட் என்று ஒரு ஊர் கிடையாது. 1856-இல் சிகாகோவிலிருந்து வடமேற்கு நோக்கி ரயில் பாதை போட்டுக்கொண்டு வந்தார்கள். எல்பிரிட்ஜ் கெரி ஏயர் என்பவர் பாதையை ஒட்டிய நிலத்தில் மனை பிரித்துத் தெருக்களை அமைத்தார். ஊர் பிறந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து பெயர் வந்தது. அதற்கு மேல் பல்கலைக்கழகத்துக்கும் இந்த ஊருக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை.

வழக்கமாக ஊர் இருக்கும் இடத்துக்கு ரயில் வரும். இங்கே ரயில் வந்த இடத்தில் ஊர் வந்தது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இப்படிப் பிறந்த ஊர்கள் ஏராளம். 1859-இல் அந்தப் பாதை 'சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன்' என்ற பெரிய ரயில் கம்பெனியின் கைக்கு வந்தது. வேறு பாதைகளும் வந்து சேர, ஹார்வர்ட் ஒரு சந்திப்பு நிலையம் ஆனது.

ஊரை நிறுவியவரின் மகன் எட்வர்ட் ஏயர் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இந்த ஊரில் வளர்ந்து, 1860-இல் மேற்கே கிளம்பிப் போனவர். பின்னாளில் ரயில் தண்டவாளங்களுக்குக் கீழே போடும் மரக்கட்டைகளை விற்றே பெரும் பணக்காரர் ஆனார். சிகாகோவின் புகழ்பெற்ற ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் முதல் தலைவர் இவர்தான். அமெரிக்கப் பழங்குடியினரைப் பற்றி இவர் சேர்த்த ஆயிரக்கணக்கான புத்தகங்களும் கையெழுத்துப் பிரதிகளும் நியூபெரி நூலகத்தில் இருக்கின்றன. பழங்குடிகளின் நிலத்தில் மனை பிரித்தவரின் மகன், அதே பழங்குடிகளின் வரலாற்றைச் சேகரித்தார். வரலாறு சில சமயம் இப்படித்தான் விசித்திரமாக நடந்துகொள்கிறது...

புளிப்பதற்கு முன் போய்ச் சேர வேண்டும்

கோதுமை ரொம்ப நாள் நிலைக்கவில்லை. மேற்கே இன்னும் மலிவான, பரந்த நிலங்கள் திறந்துகொண்டன. அவற்றோடு போட்டி போட முடியாத வடக்கு இலினாய் விவசாயிகள் மாடு வளர்ப்புக்கு மாறினார்கள். பக்கத்தில் சிகாகோ நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் பால் வேண்டுமே?

இங்கேதான் தூரம் என்பது முக்கியமாகிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். கறந்த பாலைக் கிணற்றுத் தண்ணீரிலும் பனிக்கட்டியிலும் வைத்துக் குளிரூட்டி, கேனில் ஊற்றி, வண்டியில் நிலையத்துக்குக் கொண்டுபோய், ரயிலில் ஏற்ற வேண்டும். புளிப்பதற்கு முன் சிகாகோ போய்ச் சேர வேண்டும். சந்தையிலிருந்து ரொம்பத் தள்ளி இருப்பவர்கள் பாலை வெண்ணெயாகவோ பாலாடைக்கட்டியாகவோ மாற்றித்தான் விற்க முடியும். 63 மைல் தூரத்தில் இருந்தவர்களால் பாலைப் பாலாகவே விற்க முடிந்தது. அதில்தான் கூடுதல் காசு!

இன்னொரு பிரச்சினையும் இருந்தது. குளிர்காலத்தில் புல் கிடையாது, அதனால் பாலும் குறைந்துவிடும். இதற்கு வந்த தீர்வுதான் சைலோ. பச்சைத் தீவனத்தைக் காற்றுப் புகாமல் அடைத்து வைக்கும் உயரமான கூண்டு. அமெரிக்காவில் முதன்முதலாக நெட்டுக்குத்தான சைலோவைக் கட்டியது இதே மெக்ஹென்றி கவுண்டியில்தான், 1873-இல், ஸ்பிரிங் குரோவ் என்ற ஊரில் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சைலோ வந்த பிறகு வருடம் முழுக்கப் பால் கிடைத்தது. பால் ரயிலும் வருடம் முழுக்க ஓடியது.

பாலைச் சுற்றித் தொழில்களும் வளர்ந்தன. ஹார்வர்டில் இருந்த ஹண்ட், ஹெல்ம், ஃபெரிஸ் கம்பெனி மாட்டுத் தொழுவத்துக்கு வேண்டிய சாமான்களைத் தயாரித்து 'ஸ்டார்' என்ற பெயரில் விற்றது. மாட்டைக் கட்டி வைக்கும் இரும்புச் சட்டம், தொழுவக் கதவை நகர்த்தும் சக்கரம் எல்லாம் அங்கே தயாராயின. மாடு வளர்ப்பவருக்கும் வேலை, மாட்டுக்குக் கொட்டகை போடுபவருக்கும் வேலை.

1942-இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஊர்க்காரர்கள் 'பால் நாட்கள்' என்று ஒரு திருவிழாவைத் தொடங்கினார்கள். போர்க்காலத்தில் ஓய்வில்லாமல் பால் உற்பத்தி செய்த விவசாயிகளைப் பாராட்டுவது நோக்கம். ஊர் தன்னை 'உலகின் பால் தலைநகர்' என்றே அழைத்துக்கொண்டது. ஊர்வலம், பால் குடிக்கும் போட்டி, 'பால் ராணி' தேர்வு என்று களைகட்டும் திருவிழா அது. நாற்சந்தியில் நிற்கும் பசுவின் பெயர் ஹார்மில்டா. ஹார்வர்ட், மில்க், டேஸ் ஆகிய மூன்று சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துச் செய்த பெயர்!

ஆனால் திருவிழா தொடங்கிய காலத்திலேயே அடித்தளம் ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது. குளிரூட்டிய டேங்கர் லாரிகளும் நல்ல சாலைகளும் வந்துவிட்டன. இப்போது விஸ்கான்சினின் உள்பகுதியிலிருந்தும் சிகாகோவுக்குப் புதுப் பால் வர முடியும். 63 மைல் என்ற நெருக்கத்துக்கு இருந்த தனி மதிப்பு போய்விட்டது. சின்னப் பண்ணைகள் ஒவ்வொன்றாக மாட்டை விற்றன. திருவிழா மட்டும் நிற்கவில்லை. பால் குறைந்த பிறகும் பால் திருவிழா ஓடிக்கொண்டே இருந்தது.

செல்போன் வந்த கதை

1990-இல் ஹார்வர்டின் மக்கள்தொகை 5,975. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது செல்போன் உலகின் ராஜா மோட்டோரோலா. 1983-இல் அமெரிக்காவின் முதல் வணிகரீதியான செல்போன் சேவை தொடங்கியதே சிகாகோவில்தான். அதில் பயன்பட்ட, செங்கல் கணக்காக இருக்கும் அந்த முதல் கைப்பேசி மோட்டோரோலா தயாரிப்பு. தலைமையகம் சிகாகோவின் புறநகரான ஷாம்பர்கில். 1990-களில் விற்பனை எகிறிக்கொண்டே போக, பெரிய தொழிற்சாலை ஒன்று தேவைப்பட்டது. கம்பெனி தேர்ந்தெடுத்த இடம்... ஹார்வர்ட்!

காரணம் புரிந்துகொள்ள முடிந்ததுதான். புறநகரில் கிடைக்காத பரந்த நிலம் இங்கே மலிவாகக் கிடைத்தது. மாநில அரசு சலுகைகள் கொடுத்தது. நகரமும் வடமேற்கு நோக்கி வளர்ந்துகொண்டே இருந்தது. எப்படியும் ஒருநாள் இங்கே வந்து சேரும் என்ற நம்பிக்கை.

சோள வயலுக்கு நடுவே 300 ஏக்கருக்கு மேல் நிலத்தில், சுமார் 15 லட்சம் சதுர அடியில் கட்டடம் எழுந்தது. செலவு 10 கோடி டாலருக்கும் மேல். 1997 வாக்கில் முழு வேகத்தில் இயங்கத் தொடங்கியது. உச்சத்தில் அங்கே வேலை செய்தவர்கள் சுமார் 5,000 பேர். இப்போது அந்த 5,975 என்ற எண்ணைத் திரும்பப் பாருங்கள். குழந்தைகள், முதியவர்கள் எல்லாரையும் சேர்த்து ஆறாயிரம் பேர் கூட இல்லாத ஊருக்கு ஐயாயிரம் பேர் வேலை செய்யும் ஆலை!

சிக்கல் உடனே தெரிந்தது. உள்ளூரில் அவ்வளவு ஆட்கள் இல்லை. புறநகரில் வசிக்கும் பொறியாளர்கள் தினமும் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வர வேண்டும். பெரிய நெடுஞ்சாலையான ஐ-90 தெற்கே பல மைல்களுக்கு அப்பால் போகிறது. ஹார்வர்டிலிருந்து தெற்கே வரும் 23-ஆம் எண் சாலை அந்த நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் ஏறி இறங்க வழியே இல்லை. அங்கே இணைப்பு கட்டி முடித்தது 2019-இல்தான். பாலுக்குச் சரியாக இருந்த தூரம் செல்போனுக்குச் சரியாக இல்லை.

இதைவிடப் பெரிய அடி வெளியிலிருந்து வந்தது. உலகம் அனலாக் போனிலிருந்து டிஜிட்டல் போனுக்கு மாறியது. மோட்டோரோலா மெதுவாக மாறியது. ஃபின்லாந்தின் நோக்கியா வேகமாக மாறியது. 1998-இல் உலகின் மிகப் பெரிய செல்போன் நிறுவனம் என்ற இடத்தை நோக்கியா பிடித்தது. ஹார்வர்ட் ஆலை முழு வேகம் எடுத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

2001 ஜனவரியில், ஹார்வர்டில் போன் தயாரிப்பதை நிறுத்தப் போவதாக மோட்டோரோலா அறிவித்தது. சுமார் 2,500 பேருக்கு வேலை போனது. 2003-இல் கட்டடத்தையே மூடிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மொத்தம் ஆறேழு வருடங்கள். பால் ஒரு நூற்றாண்டு சோறு போட்டது, செல்போன் ஒரு குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் கூடத் தாங்கவில்லை.

கைமாறிக்கொண்டே இருந்த காலிக் கட்டடம்

இதோடு முடிந்திருந்தால் 'ஆலை மூடிய இன்னொரு ஊர்' என்று போயிருக்கும். இதற்குப் பிறகு நடந்ததுதான் சினிமாக் கதை.

ஐந்து வருடம் காலியாகக் கிடந்த கட்டடத்தை 2008-இல் மியாமியைச் சேர்ந்த ஒரு நிறுவனம் வாங்கியது. விலை 1.7 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. கட்ட ஆன செலவில் ஆறில் ஒரு பங்கு. இனி விடிவுகாலம் என்று ஊர் எதிர்பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. வருடங்கள் போயின, கட்டடம் காலியாகவே நின்றது.

காரணம் என்னவாக இருக்கும் என்பதற்கான விடை பல ஆயிரம் மைல் தள்ளி இருந்தது. உக்ரைனின் மிகப் பெரிய வங்கியான பிரைவட்பேங்கில் சுமார் 550 கோடி டாலர் ஓட்டை இருப்பது தெரியவந்து, 2016 டிசம்பரில் அந்நாட்டு அரசு வங்கியைத் தன் வசம் எடுத்தது. 2019-இல் வங்கி அமெரிக்காவின் டெலவேர் நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடர்ந்தது. வங்கியின் பழைய உரிமையாளர்கள் மோசடிக் கடன்கள் மூலம் பணத்தை எடுத்து அமெரிக்காவில் ஆலைகளும் கட்டடங்களும் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தச் சொத்துகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது ஹார்வர்டின் பழைய மோட்டோரோலா ஆலை! பழைய உரிமையாளர்கள் இதை மறுத்தார்கள். ஆனால் குற்றச்சாட்டு உண்மையென்றால் ஒன்று புரிகிறது. பணத்தைப் பத்திரமாக வைக்கத்தான் கட்டடம் வேண்டும் என்றால், அதற்குள் யாரும் வேலை செய்ய வேண்டிய அவசியமே இல்லையே!

2016-இல் கட்டடம் மறுபடி கைமாறியது. இந்த முறை விலை 1 கோடி டாலருக்கும் கீழே. வாங்கியவர் கனடாவைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர். ஸ்மார்ட்போன் தயாரிக்கப் போவதாகப் பேச்சு. மறுபடியும் ஊருக்குள் நம்பிக்கை. ஆனால் 2017 டிசம்பரில் டொரண்டோவில் அவர் மீது வழக்குப் போடப்பட்டது. 2021-இல் அவருடைய நிறுவனம், பிரமிட் திட்டம் நடத்திய குற்றத்தை ஒப்புக்கொண்டது. பிரமிட் திட்டம் என்றால் வேறொன்றுமில்லை, ஆள் சேர்த்தால் காசு என்று நம்மூரிலும் பலர் பணத்தை இழந்த அதே சங்கதிதான்.

இதில் ஹார்வர்ட்காரர்கள் செய்த தப்பு என்ன? உக்ரைன் வங்கியையோ டொரண்டோவின் ஆள் சேர்ப்புத் திட்டத்தையோ அவர்கள் தடுத்திருக்க முடியுமா? நல்லவரோ கெட்டவரோ, யார் வந்தாலும் வரவேற்க வேண்டிய நிலைமை. அவ்வளவு பெரிய கட்டடத்தை அந்த ஊரால் தானே நிரப்பவும் முடியாது, இடிக்கவும் முடியாது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது. மோட்டோரோலாவை முந்திய அதே நோக்கியா, 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. ஸ்மார்ட்போன் அலையில் நோக்கியாவும் வீழ்ந்தது, வரிப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது, 2014 நவம்பரில் அந்த ஆலையும் நின்றது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் பக்கத்திலேயே கார் ஆலைகளும் வேறு மின்னணு ஆலைகளும் இருந்தன. துறைமுகமும் விமான நிலையமும் எட்டும் தூரத்தில். நோக்கியாவின் கட்டடத்தையும் பின்னர் வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஹார்வர்டில் அப்படிப் பக்கத்து ஆலை எதுவும் வரிசையில் நிற்கவில்லை. ஒரே தூணில் நின்ற பந்தல் அது.

எண்கள் சொல்லும் இன்னொரு கதை

ஆலை போனதும் ஊர் காலியாகியிருக்கும் என்றுதானே தோன்றும்? அப்படி நடக்கவில்லை. 1990-இல் 5,975 ஆக இருந்த மக்கள்தொகை 2000-இல் 7,996 ஆனது. 2010-இல் 9,447! அதாவது மோட்டோரோலா கிளம்பிய அந்தப் பத்து ஆண்டுகளிலும் ஊர் வளர்ந்திருக்கிறது.

எப்படி? இரண்டு காரணங்கள். ஒன்று, வீட்டு விலை. சிகாகோவுக்குப் பக்கத்தில் வீடு வாங்க முடியாதவர்கள் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். கடைசி நிலையத்தில்தான் வீடு கட்டுபடியாகிறது. தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ரயிலில் உட்கார வேண்டும், ஆனால் வீடு சொந்தம்.

இரண்டு, மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். பண்ணை, செடி வளர்க்கும் நாற்றங்கால், உணவுத் தொழிற்சாலை என்று வேலை தேடி வந்தவர்கள், ஊரிலேயே தங்கிவிட்டார்கள். இன்று ஊரில் ஏறத்தாழப் பாதிப் பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். இவர்களுக்காக யாரும் கட்டட வரைபடம் போடவில்லை. எந்த ஆளுநரும் வந்து நாடா வெட்டவில்லை. ஆனால் ஊரை வளர்த்தவர்கள் இவர்கள்தான்.

2008 வீட்டுக்கடன் நெருக்கடிக்குப் பிறகு அந்த வளர்ச்சியும் நின்றது. 2020-இல் மக்கள்தொகை 9,469. பத்து வருடத்தில் கூடியது 22 பேர்! ஹார்வர்ட் மட்டுமல்ல, மெக்ஹென்றி கவுண்டி முழுக்க இதே கதைதான். 1990-க்கும் 2010-க்கும் இடையே 1,83,241-லிருந்து 3,08,760 ஆக எகிறிய மக்கள்தொகை, 2020-இல் 3,10,229 என்று அப்படியே நின்றுவிட்டது. நகரம் நம்மைத் தேடி வந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கை பொய்த்துவிட்டது.

எது நின்றது?

ஹார்வர்டுக்கு வந்தவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். கோதுமை வந்தது, போனது. பால் வந்தது, பெரும்பாலும் போனது. செல்போன் வந்தது, வந்த வேகத்தில் போனது. 1856-இல் வந்த ரயில் மட்டும் இன்னும் ஓடுகிறது. அன்று பால் கேனை ஏற்றிய பாதையில் இன்று அலுவலகம் போகிறவர்கள் ஏறுகிறார்கள். திருவிழாவும் நிற்கிறது. அதில் ஊர்வலம் போகிறவர்களில், பால் பண்ணை வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள், மெக்சிகோவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பால் எப்படி நூறு வருடம் தாங்கியது என்று யோசித்தால், அது ஒரே முதலாளியின் சொத்தாக இல்லை என்பது புரியும். நூற்றுக்கணக்கான பண்ணைகள், ஒரு ரயில் பாதை, தொழுவச் சாமான் செய்யும் ஆலை, கடைகள். ஒரு பண்ணை மூடினால் இன்னொன்று இருந்தது. செல்போன் ஆலையில் முடிவெடுக்கும் அறை ஷாம்பர்கில் இருந்தது. அப்புறம் மியாமிக்குப் போனது, பிறகு கனடாவுக்குப் போனது. ஹார்வர்டுக்குள் ஒருநாளும் வரவில்லை.

ஒரு சின்ன ஊருக்குப் பெரிய ஆலை வருகிறது என்றால் எல்லோரும் முதலில் கேட்பது 'எத்தனை பேருக்கு வேலை?' என்றுதான். ஹார்வர்டின் கதையைப் படித்தவர்கள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பார்கள். 'அவர்கள் போன பிறகு இந்தக் கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?'

நாற்சந்தியில் நிற்கும் ஹார்மில்டா இத்தனையையும் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். கண்ணாடியிழைப் பசு பால் கறக்காதுதான். ஆனால் ஊரை விட்டுப் போகவும் இல்லையே!